காணாமல் போன பதினைந்து உறைகள்

அத்தியாயம் 6

மேசைமேல் கிடந்த அந்தக் கறுப்புச் சாமான் தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. பின்னால் ஒரு கிளிப், முன்னால் ஒரு கண்ணாடிப் புள்ளி. சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு நடந்தால், எதிரே தெரிவதையெல்லாம் அது பாட்டுக்குப் படம் பிடித்துக்கொள்ளும்.

"மறந்துபோய்ச் சட்டையோட வாஷிங் மெஷின்ல போட்டா, உள்ளே துணிங்க சண்டை போடுறதையும் எடுக்குமா மேடம்?" என்று கேட்டான் கிரீஷ்.

யாரும் சிரிக்கவில்லை. கிரீஷுக்கு அது பழகிப்போன விஷயம். பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, கோட்டைக்குள் ஜெராக்ஸ் கடை மாடியில் திவ்யலட்சுமி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், பார்த்திருக்கும் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்க வரும் பெண் வீட்டார். அவர்களிடம் எந்தத் தமாஷும் செல்லுபடியாகாது. ஆனாலும் வாயைக் கட்டிப்போட அவனால் முடிந்ததில்லை.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் தனியாக வந்த ஒரு கல்லூரிப் பெண். பெயர் அஜிதா. நேற்றுச் சென்னையிலிருந்து வந்தவள், காலை எட்டு மணிக்கே வந்து கதவைத் தட்டியிருந்தாள். தோள்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"உன் அப்பா பேர் தாணுமாலையன். சாலைக் கடைத்தெருவுல இரும்புக் கடைல வேலை. மூணு வாரம் முன்னாடி தவறிப் போயிட்டார்," என்றாள் திவ்யலட்சுமி. நாற்பத்தாறு வயது, காதோரம் நரை, மூக்குக் கண்ணாடி. அக்கிரகாரத்து வீட்டுத் தமிழை ஆபீசிலும் விடாதவள். "கடைசியா அவரை எப்போ பார்த்தே?"

"அஞ்சு வயசுல. ரொம்பக் குடிப்பாராம். அம்மா என்னைத் தூக்கிட்டு சென்னைக்கு வந்துட்டாங்க. எனக்கு அவர் முகம்கூட சரியா ஞாபகம் இல்ல." அவள் அந்தக் கேமராவை விரல் நுனியால் தள்ளினாள். "அதுக்கப்புறம் ஒரு போன் கிடையாது, ஒரு லெட்டர் கிடையாது. செத்துட்டாருன்னு கடை முதலாளி போன் பண்ணினப்போ அம்மா வரமாட்டேன்னுட்டாங்க. யாராவது ஒருத்தர் வரணுமேன்னு நான் வந்தேன். வந்து பார்த்தா, இவரு யூடியூபரு."

பையிலிருந்து நான்கு காகித உறைகளை எடுத்து வைத்தாள். கடைகளில் ஸ்குரூ போட்டுக் கொடுக்கிற பழுப்பு நிறச் சின்ன உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெமரி கார்டு. மேலே பேனாவால் அழுத்தி எழுதிய எண்கள்: 16, 17, 18, 19.

"பெத்த பொண்ணுகிட்டப் பேச நேரமில்ல. ஊர் உலகத்துகிட்ட 'மக்களே மக்களே'ன்னு கொஞ்சிப் பேச நேரம் இருந்திருக்கு. இந்தச் சேனல் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. அழிச்சிட்டு, இந்தக் கார்டையும் காலி பண்ணிட்டு, மூணு மணி டிரெயின்ல போயிடுவேன்."

"அஸ்தி?"

"முதலாளி வாங்கிக்கச் சொன்னாரு. வேண்டாம்னுட்டேன். நாளைக்கு அவரே சங்குமுகம் கடல்ல கரைச்சிடுவாராம்."

அதைச் சொல்லும்போது குரல் நடுங்காமல் இருக்க அவள் பட்ட பாடு கிரீஷுக்கே தெரிந்தது. மணி அப்போது பத்தரை. இரண்டு மணி நேரமாக அவன் கார்டுகளை லேப்டாப்பில் போட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வேகமாக ஓட்டிப் பார்த்திருந்தான். திவ்யலட்சுமி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"நாலு கார்டுலயும் ஒரு நாளைக்கு நாலஞ்சு நிமிஷம்தான் மேடம். மனுஷர் கேமராவைச் சட்டையில மாட்டியிருக்கார், அதனால அவர் முகம் எங்கேயும் வராது. முன்னாடி இருக்கிறதும் அவர் கையும்தான் வரும். பதினாறாம் நம்பரோட முதல் ஃபைல் வெறும் கறுப்பு. லென்ஸ் மேல ஒட்டியிருக்கிற காகிதத்தைக்கூடப் பிரிக்காம எடுத்திருக்கார், அதைத் தாண்டிட்டேன். மத்தது இப்படி."

ஒன்றை ஓட விட்டான். திரையில் ஓர் உள்ளங்கை, அதில் ஓர் ஆணி. பின்னால் சாலைக் கடைத்தெருவின் இரைச்சல். குரல் கரகரவென்று வந்தது.

"மக்களே, இதப் பாரு. ரெண்டு இஞ்சு ஆணி. நல்ல ஆணின்னா தரையில போட்டா ணங்குன்னு கேக்கும். இதக் கேளு. சத்தமே இல்ல பாத்தியா? இத வாங்கப்பிடாது."

"ஆணிக்குன்னு ஒரு சேனல்," என்றான் கிரீஷ். "பார்க்கிறது மொத்தம் மூணு பேர்னா, அதுல ரெண்டு பேர் ஆசாரியா இருப்பாங்க. ஆனா ஒண்ணு மேடம், சேனலே இல்லை. எல்லா விதத்திலயும் தேடிட்டேன். ஒரு வீடியோகூட எங்கேயும் ஏத்தலை. அதோட, இத்தனை வீடியோவுல ஒரு தடவைகூட 'லைக் பண்ணுங்க'ன்னு கேட்கலை. லைக் கேட்காத யூடியூபர் உலகத்துலயே கிடையாது."

"பார்க்கிறவங்களுக்கு மரியாதையும் கிடையாது," என்றாள் அஜிதா. "எல்லாரையும் வா, பாரு, கேளுன்னு."

திவ்யலட்சுமி நான்கு உறைகளையும் வரிசையாக அடுக்கினாள். "இது எனக்கு உறுத்தறது. பதினாறுல ஆரம்பிக்கறதே. முதல் பதினஞ்சு எங்கே?"

"ஸ்குரூ சைஸ்னு முதல்ல நெனச்சேன். பதினேழாம் நம்பர் ஸ்குரூன்னு ஒண்ணு இருந்தா அதை எந்த ஸ்பானரால முடுக்குவாங்கன்னு தெரியலை."

"ஸ்குரூவுக்கு ஸ்பானர் இல்லைடா, ஸ்குரூ டிரைவர். உன் தலைக்கும் அதான் வேணும். வேற ஏதாவது விசித்திரமாப் பட்டுதா?"

"ஒரு கை பட்டுது. ரோடு தாண்டுற வீடியோ எதை எடுத்தாலும், இடது கை கொஞ்சம் தாழ்ந்து, பக்கவாட்டுல நீண்டு, விரல் பாதி மடங்கி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பால் தூக்கைத் தூக்கிட்டுப் போற மாதிரி."

திவ்யலட்சுமி அந்த வீடியோவைக் கேட்டாள். கிழக்கேகோட்டையில் பஸ்களும் ஆட்டோக்களும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. படத்தின் ஓரத்தில் அந்தக் கை. அவள் சத்தத்தைக் கூட்டினாள். ஹார்ன்களுக்கு அடியில் அந்தக் கரகரத்த குரல் மெதுவாக, "வா... வா... பாத்து... ஓடப்பிடாது" என்றது.

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் எழுந்து போனாள். திரும்பியபோது அவள் முகம் கிரீஷுக்குப் பிடிக்கவில்லை.

"அஜிதா, இதை மறைச்சு வைக்கறதுல பிரயோஜனம் இல்லை. சென்னையில மக்கள்னா ஜனங்கள். நீ அப்படிக் கேட்டே, யூடியூபர்னதும் இவனும் அப்படிக் கேட்டான். இந்த ஊர்ல வேற. மலையாளத்துல மக்கள்னா பெத்த கொழந்தைகள். வா, பாரு, கேளுன்னு ஊராரை யாரும் சொல்ல மாட்டா. கொழந்தைகளைச் சொல்லுவா. அந்தக் கை பால் தூக்கைப் பிடிக்கலை. சின்னக் கொழந்தையைப் பிடிச்சிண்டிருக்கு. உயரம் போறாததால படத்துல விழலை."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அஜிதா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா சொல்லுவாங்க," என்றாள். "அந்தாளுக்கு அங்க வேற குடும்பம் இருக்கும்னு. கோபத்துல சொல்றாங்கன்னு நெனச்சிருந்தேன்."

"முதல் பதினஞ்சு கார்டும் அவாகிட்ட இருக்கலாம்."

"எனக்கு அவங்களைப் பார்க்கணும்."

"பார்த்து?"

"அவங்ககிட்ட என்ன இருக்கு, என்கிட்ட என்ன இல்லைன்னு பார்க்கணும்."

கிரீஷ் எழுந்தான். லேப்டாப்பையும் கார்டுகளையும் பையில் போட்டுக்கொண்டான்.

*

திரவியத்தின் இரும்புக் கடை சாலைக் கடைத்தெருவின் நடுவில், ஒரு அரிசி மண்டிக்கும் பாத்திரக் கடைக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு நின்றது. தலைக்கு மேலே கயிற்றுச் சுருள்கள், காலடியில் ஆணி மூட்டைகள். முதலாளி திரவியம் வள்ளியூர்க்காரர். அஜிதாவை மறுபடி பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"மனசு மாறியாச்சாம்மா?"

"இல்ல சார். வேற ஒண்ணு கேட்க வந்தேன்."

திவ்யலட்சுமி உறைகளைக் காட்டினாள். "இந்த உறை உங்க கடையோடதா?"

"எங்க உறைதான். நம்பர் அவன் எழுதினது. எங்க சைஸ் கணக்கு இப்பிடி வராதும்மா."

"இதே மாதிரி இன்னும் பதினஞ்சு இருக்கணும். ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும்."

"இல்லியே. அவன் இருந்த லாட்ஜ் ரூமைக் காலி பண்ணினதே நான்தான். நாலு சட்டை, ரெண்டு வேட்டி, ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள அந்தக் கேமராவும் இந்த நாலு உறையும். இம்புட்டுதான் மொத்தமும்."

"கேமராவைச் சட்டையில மாட்டிண்டு வேலை பார்த்தாரே, எதுக்குன்னு நீங்க கேட்கலையா?"

"கேட்டேன். ஓர்மைக்கு, முதலாளின்னான். மறதிக்காரன் போலிருக்குன்னு விட்டுட்டேன். கஸ்டமரைப் படம் பிடிக்காதன்னு மட்டும் சொன்னேன். அத மீறல."

கிரீஷ் குறுக்கே கேட்டான். "அவரோட குழந்தைகள் யாராவது கடைக்கு வருவாங்களா? சின்னக் குழந்தை, இந்த உயரம்?" கையைத் தாழ்த்திக் காட்டினான்.

திரவியம் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அஜிதாவைப் பார்த்தார். "பிள்ளையா? இங்க அவனுக்கா? பதினோரு வருசமா என்கிட்ட இருந்தான். ஓணத்துக்கு லீவு விட்டாகூடக் கடை வாசல்ல வந்து நிப்பான், போறதுக்கு இடமில்லாம. அவனுக்குத் தெரிஞ்ச இடம் மூணுதான். கடை, லாட்ஜு, பின்தெருவுல சுடலைமாடத்தி மெஸ்ஸு. நான் சொல்லி நம்ப மாட்டியன்னா அங்க கேளுங்க. மூணு நேரமும் அங்கதான் சாப்பாடு."

வெளியே வந்ததும் கிரீஷ், "குடும்பமே இல்லாம ரெண்டாவது குடும்பம் நடத்தியிருக்கார் மேடம்," என்று முணுமுணுத்தான்.

திவ்யலட்சுமி முன்னால் நடந்தாள். எங்கோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவளுக்குப் பட்டால், பின்னால் வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இப்படித்தான் நடப்பாள்.

*

மெஸ் என்றால் ஒரு தகரக் கூரை, மூன்று பெஞ்சு, வாசலில் ஒரு தண்ணீர் டிரம். மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. சுமை இறக்குகிறவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டதால் கூட்டமில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும் சுடலைமாடத்தி, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திவ்யலட்சுமி தாணுமாலையன் பெயரைச் சொன்னதும் துணியைக் கீழே போட்டுவிட்டாள். அவள் கண் அஜிதாவிடம் போய் நின்றது.

"மூக்கு அப்பிடியே அவன் மூக்கு," என்றாள். "வா மக்களே. உள்ள வா. இப்பிடி இரி."

அஜிதா திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் கிரீஷ் நின்றுகொண்டிருந்தான். வழியை மறைக்கிறோமோ என்று அவன் ஒதுங்கினான். அவனுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் மட்டும்தான் இருந்தது. அஜிதா டிரம்மைத் தாண்டித் தெருவையும் பார்த்துவிட்டு, "யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

"ஒன்னத்தான் பிள்ளே."

"நான் ஒருத்திதானே இருக்கேன். மக்களேன்னு கூப்பிட்டீங்களே?"

சுடலைமாடத்திக்குக் கேள்வியே புரியவில்லை. "ஒருத்தின்னா என்ன? எங்க ஊருல ஒத்தப் பிள்ளையானாலும் மக்களேன்னுதான் விளிப்போம். பெத்த பிள்ளைய வேற எப்பிடி விளிக்கதாம்?"

கிரீஷ் திவ்யலட்சுமியைப் பார்த்தான். அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஊர் எதும்மா?"

"சுசீந்திரத்துக்குக் கெழக்க. அவனுக்கும் அதான். அதனாலதான் என்னய அக்கா அக்கான்னு சுத்தி வருவான்."

"நாற்பத்தாறு வருஷம் இந்த ஊர்ல இருக்கேன்," என்று திவ்யலட்சுமி மெல்லச் சொன்னாள். "இதே சந்தையில அந்தப் பக்கத்து ஜனங்கள் கொழந்தைகளை இப்படிக் கூப்பிடறதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். வீடியோன்னதும் காது கெட்டுப் போயிடுத்து. அஜிதா, உன் வயசென்ன?"

"பத்தொன்பது."

"பிறந்தநாள்?"

"செப்டம்பர் நாலு."

"கிரீஷ், நாலு கார்டுலயும் முதல் ஃபைலோட தேதியைப் பாரு."

கிரீஷ் லேப்டாப்பைப் பெஞ்சின்மேல் வைத்துத் திறந்தான். பதினாறாம் நம்பர் கார்டு: செப்டம்பர் நாலு. பதினேழு: செப்டம்பர் நாலு. பதினெட்டு, பத்தொன்பது... காலையில் இதே ஃபைல்களை இரண்டு மணி நேரம் புரட்டியவன் அவன். வரிசையாகக் கிடந்த தேதி கண்ணில் படவில்லை. ஆணியைப் பற்றி ஜோக் சொல்ல மட்டும் வாய் இருந்தது.

"அது பாகம் ஒண்ணு, பாகம் ரெண்டு இல்லை," என்றாள் திவ்யலட்சுமி. "உன் வயசு. பதினஞ்சு உறை காணாமப் போகலை. அது இருந்ததே இல்லை. அந்த வருஷங்கள்ல அவர்கிட்ட கேமரா இல்லை, அவ்வளவுதான். கிரீஷ், நீ தாண்டிப்போன அந்தக் கறுப்பு ஃபைலை வை. சத்தத்தைக் கூட்டு."

படமே இல்லாத திரையை நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் துணி உரசும் சத்தம். பிறகு ஒரு கனைப்பு.

"மக்களே... இது ஓடுதா என்னன்னு தெரியல. செவப்பு லைட்டு எரியுது. இன்னைக்கு ஒனக்குப் பதினாறு. நான் குடிய விட்டு இன்னைக்கு நூத்திப்பத்து நாளாச்சு. ஒங்க அம்மைகிட்ட இத எத்தனையோ தடவ சொல்லி ஏமாத்துனவன் நான். இனி சொன்னா அவ நம்பமாட்டா. நம்பவும் வேண்டாம். அதனால சொல்லல, எடுத்து வைக்கேன். ஒனக்குப் பதினெட்டு ஆவட்டு. நானே கொண்டாந்து தாரேன். நான் எப்பிடி இருந்தேன்னு நீயே பாத்துக்க."

அதோடு முடிந்தது.

"பதினெட்டு முடிஞ்சு பத்தொன்பதும் ஆயிடுச்சு," என்றாள் அஜிதா. "கொண்டு வரலையே."

அவளுக்குப் பதில் சொன்னது சுடலைமாடத்திதான். "ரெண்டு தடவ மெட்ராசுக்கு டிக்கெட் எடுத்தான் மக்களே. புதுச் சட்டை போட்டு, என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். ரெண்டு தடவயும் அந்தியில சோத்துக்கு இங்கயே வந்து நிக்கான். ஏம்ல போவலன்னு கேட்டா, ஒண்ணுமில்லக்கா, சும்மா டிரெயினு பாக்கப் போனேன்னு சொல்லுவான். அங்க யாரு இருக்கான்னு கடைசி வரைக்கும் சொல்லல."

அஜிதா தலை குனிந்துகொண்டாள். யாரையும் பார்க்காமல் கேட்டாள். "அப்போ அந்தக் கையில? ரோட்டுல யாரைப் பிடிச்சிருந்தாரு?"

திவ்யலட்சுமி கிரீஷ் பக்கம் திரும்பினாள். பால் தூக்கு என்று சொன்னவன்தான் இதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்று கிரீஷுக்குத் தோன்றியது.

"உன்னைத்தான்."

"நான் அவ்வளவு குள்ளமா இல்லையே."

"அவர் கடைசியாப் பார்த்தப்போ நீ அவ்வளவுதான் இருந்தே," என்றான் கிரீஷ். கிழக்கேகோட்டையின் அத்தனை பஸ்களுக்கும் நடுவில், மூன்று வருஷமும் தினமும், இல்லாத ஒரு குழந்தையை அந்த மனிதர் பத்திரமாக அந்தப் பக்கம் சேர்த்திருக்கிறார். அதைப் பார்த்து அவன் சிரித்திருக்கிறான்.

அஜிதா அழுதாள். சென்னையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்தது மொத்தமும் வந்தது. சுடலைமாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாளே தவிர, அழாதே என்று சொல்லவில்லை. பிறகு எழுந்து போய் இலை போட்டு, சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அஜிதா அதைத் தொடவில்லை.

சுவர்க் கடிகாரம் இரண்டு இருபதைக் காட்டியது. "டிரெயினுக்கு..." என்று கிரீஷ் ஆரம்பித்தான். திவ்யலட்சுமி பெஞ்சுக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

அஜிதா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மேடம், அந்த முதலாளிகிட்ட சொல்லிடுறீங்களா? நாளைக்கு அவர் கரைக்க வேண்டாம். நான் வாங்கிக்கிறேன்."

"சொல்லிடறேன்."

"இவ்வளவையும் பார்க்க எத்தனை நாள் ஆகும்?"

"மொத்தமும் சேர்த்தா எண்பது, தொண்ணூறு மணி நேரம் வரும்," என்றான் கிரீஷ். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

"கடைசியா எடுத்ததை இப்போ போடுங்க. மத்ததை நான் வீட்டுல முதல்லேர்ந்து பார்த்துக்கிறேன்."

பத்தொன்பதாம் நம்பர் கார்டின் கடைசி ஃபைல். அவர் இறந்த நாளுக்கு முந்தின நாள். இதே மெஸ், இதே பெஞ்சு. சட்டைப் பையின் உயரத்திலிருந்து பார்க்கும்போது வாழையிலை பெரிதாகத் தெரிந்தது. ஆவி பறக்கும் சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு ஒரு பெண்ணின் கை விலகிப் போனது. இலைக்குப் பக்கத்தில் அவருடைய வலது கை, ஆணியும் எண்ணெயும் ஏறிக் கறுத்த விரல்களோடு, சும்மா இருந்தது.

"சோறு தின்னியா மக்களே?" என்றது குரல்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தெருவில் ஒரு லாரி பின்னால் வரும் சத்தம், யாரோ போதும் என்று மலையாளத்தில் "மதி, மதி" எனக் கத்தும் சத்தம். கை அசையவில்லை. நான்கு, ஐந்து, ஆறு விநாடி. பிறகு அது மெல்லச் சோற்றுக்குப் போயிற்று.

"எல்லா நாளும் இப்பிடித்தான்," என்றாள் சுடலைமாடத்தி. "சோத்துக்கு முன்னால எதோ முனங்குவான், பொறவு கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். சாமி கும்பிடுதான்னுல்லா நெனச்சேன்."

அஜிதா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரலால் வீடியோவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் ஆவி பறந்தது, குழம்பு விழுந்தது, பெண்ணின் கை விலகியது.

"சோறு தின்னியா மக்களே?"

"தின்னேன்ப்பா," என்றாள் அஜிதா. "நீங்க சாப்பிடுங்க."

திரையில் அந்தக் கை சோற்றைப் பிசைய ஆரம்பித்தது.